பெரிய ரேட்டிங்காரரோடு டிரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை பிற்பகல்களில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். பட்டம் எதுவும் பெற்றவன் இல்லை. போட்டிகளில் ஆடி ஆடிக் கற்றதைச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஜூன் பள்ளி விடுமுறையில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பொதுப் போட்டியில் ஆடினோம். அதில் எங்கள் கூட்டத்துக்கு மூன்று டிராக்கள் வந்தன. ரேட்டிங் என்பது ஒருவருடைய ஆட்டபலத்தைக் காட்டும் எண். 1587 ரேட்டிங் உள்ள நான், 2010 ரேட்டிங் உள்ள ஒரு பெரியவரோடு 76 நகர்த்தல் வரை இழுத்து டிரா எடுத்தேன். தொடக்கநிலை 5 படிக்கும் மாணவி ஒருத்தி, தன்னைவிட 300 புள்ளி கூடுதலாக உள்ள ஒரு பெண்மணியோடு டிரா செய்தாள். உயர்நிலை 1 படிக்கும் மாணவன் ஒருவன், தன்னைவிட 250 புள்ளி குறைந்த ஒரு பொடியனோடு டிரா செய்துவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்தான்.

வென்றால் ஒரு புள்ளி, டிரா என்றால் அரை. மூவருக்கும் கிடைத்தது அதே அரைப் புள்ளிதான். ஆனால் மண்டபத்துக்கு வெளியே நின்ற பெற்றோர்களின் முகம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அவர்கள் கேட்டுவரும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். யானை என்று நான் எழுதுவது ரூக்கை, மந்திரி என்று எழுதுவது பிஷப்பை.

டிரா என்றால் சமம்தானே? அப்புறம் ஏன் ஒருவருக்கு ரேட்டிங் ஏறுகிறது, இன்னொருவருக்கு இறங்குகிறது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. இப்போதைய ரேட்டிங் முறைக்கு அடிப்படை போட்டவர் அர்பாட் ஈலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் அவருடைய முறையை எடுத்துக்கொண்டது. அவர் சொன்னது எளிது. இருவர் நூறு ஆட்டம் ஆடினால் யாருக்கு எத்தனை புள்ளி வரும் என்று அவர்களுடைய ரேட்டிங் வித்தியாசத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். வித்தியாசம் 100 என்றால் பெரியவருக்கு ஓர் ஆட்டத்தில் சராசரியாக 0.64 புள்ளி. 200 என்றால் 0.76. 300 என்றால் 0.85. 400 என்றால் 0.92.

என் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 423. எங்களைப் போன்றவர்களுக்கு 400க்கு மேல் எவ்வளவு போனாலும் 400 என்றே கணக்கு. ஆக என்னிடம் எதிர்பார்த்தது 0.08, எடுத்தது 0.5. கூடுதலாக வந்த 0.42ஐ 20ஆல் பெருக்கினால் 8.4. அத்தனை புள்ளி எனக்கு ஏறியது. அவருக்கும் பெருக்கும் எண் 20தான் என்பதால் அதே 8.4 இறங்கியது.

அந்த 20 எல்லாருக்கும் ஒன்றல்ல. 2400ஐத் தொட்டவர்களுக்கு 10. 18 வயதுக்கு உட்பட்டு 2300க்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு 40. அதனால்தான் எங்கள் மாணவிக்கு ஒரே டிராவில் 14 புள்ளி ஏறியது, அழுதுகொண்டு வந்த பையனுக்கு 12.4 இறங்கியது. பிள்ளைகளின் ரேட்டிங் ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆடட்டும். வளர்கிற வயதில் கால் சட்டை அளவும் அப்படித்தானே மாறுகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2024 மார்ச்சில் ஃபிடே 2000க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங்கை ஒரே தடவையில் உயர்த்தியது. அடிமட்டம் 1400 ஆனது. எனவே அதற்கு முந்தைய 1300ஐயும் இப்போதைய 1500ஐயும் பக்கத்தில் வைத்து, யார் பெரிய ஆளோடு டிரா செய்தார் என்று வாதாடுவதில் பொருளில்லை.

முதல் சுற்றிலேயே என் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு பெரிய ஆள்?

ஸ்விஸ் முறையில் அப்படித்தான் வரும். 40 பேர் இருந்தால் ரேட்டிங்படி வரிசைப்படுத்தி நடுவில் இரண்டாக வெட்டுவார்கள். 1ஆம் எண் 21ஆம் எண்ணோடு, 2ஆம் எண் 22ஆம் எண்ணோடு. முதல் சுற்றில் எல்லாப் பலகையிலும் ஏற்றத்தாழ்வுதான் இருக்கும். அடுத்தடுத்த சுற்றுகளில் ஒரே புள்ளி உள்ளவர்கள் மோதுவதால் போகப் போகச் சமமாகும். ஒரு நன்மையும் உண்டு. கடைசியில் புள்ளிகள் சமமானால், யாருடைய எதிராளிகள் அதிகப் புள்ளி எடுத்தார்கள் என்று பார்க்கும் புக்கோல்ஸ் கணக்கு பல போட்டிகளில் உண்டு. பெரிய ஆளைச் சந்தித்தது அங்கே கைகொடுக்கும்.

டிரா எந்தெந்த வழியில் வரும்?

இருவரும் பேசி ஒப்புக்கொள்வது ஒரு வழி. ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் நகர்த்த எதுவுமே இல்லை என்றால் ஸ்டேல்மேட். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகள் இங்கேதான் வென்ற ஆட்டத்தைத் தவறவிடுகிறார்கள். எதிராளியிடம் ராஜா மட்டும், அது மூலையில், ஏ8இல் நிற்கிறது என்று வையுங்கள் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை). உங்கள் ராணி பி6க்கு வந்தால் முடிந்தது கதை. அந்த ராஜா போகக்கூடிய மூன்று கட்டங்களையும் ராணி அடைத்துவிட்டது, ஆனால் செக் கொடுக்கவில்லை. மூலையில் இருக்கும் ராஜாவிலிருந்து சரியாக ஒரு குதிரைத் தாவல் தூரத்தில் ராணியை வைக்காதே என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தோற்றுக்கொண்டிருப்பவர் அதே கட்டத்துக்கு எதிராளியின் ராணி வருமா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

ஒரே நிலை மூன்று முறை வந்தால், மூன்று முறையும் நகர்த்த வேண்டியவர் ஒருவரேயாக இருந்தால், டிரா கோரலாம். அடுத்தடுத்து வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இடையில் பத்து நகர்த்தல் ஓடியிருந்தாலும் செல்லும். ஐந்து முறை வந்துவிட்டால் யாரும் கோரத் தேவையில்லை, நடுவரே நிறுத்துவார். அதேபோல 50 நகர்த்தலில் வெட்டும் இல்லை, சிப்பாய் நகர்வும் இல்லை என்றால் கோரலாம், 75 ஆனால் தானாகவே முடியும். செக்மேட் செய்யவே முடியாத அளவுக்குக் காய்கள் தீர்ந்துபோனாலும் டிராதான். ஒரு மந்திரியையும் ராஜாவையும் வைத்துக்கொண்டு தனி ராஜாவைத் துரத்தினால் பொழுதுதான் போகும்.

மும்முறை கோருவதில் பலரும் தப்புச் செய்கிறார்கள். உங்கள் நகர்த்தலால்தான் மூன்றாவது முறை வரப்போகிறது என்றால், காயைத் தொடாதீர்கள். நகர்த்தலை ஸ்கோர் ஷீட்டில் எழுதுங்கள், கடிகாரத்தை நிறுத்துங்கள், கை தூக்கி நடுவரைக் கூப்பிடுங்கள். காயை நகர்த்திக் கடிகாரத்தையும் அழுத்திவிட்டால் அந்தத் தருணத்துக்கான உரிமை போய்விடும். கோரிக்கை தவறாக இருந்தால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், ஆட்டம் தொடரும்.

டிரா கேட்க என்ன முறை? சின்ன ரேட்டிங்காரர் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். விதியில் ரேட்டிங் என்ற பேச்சே இல்லை. முதலில் நகர்த்துங்கள், பிறகு டிரா கேளுங்கள், பிறகு கடிகாரத்தை அழுத்துங்கள். இந்த வரிசை முக்கியம். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது கேட்பது தொந்தரவு. கேட்டதை ஸ்கோர் ஷீட்டில் சமக்குறியால் குறித்துக்கொள்ளவேண்டும், இருவருமே. ஒருமுறை கேட்டதைத் திரும்பப் பெற முடியாது. அவர் வேண்டாம் என்று வாயால் சொல்லும்வரை, அல்லது நகர்த்துவதற்காக ஒரு காயைத் தொடும்வரை அந்த அழைப்பு உயிரோடு இருக்கும். சில போட்டிகளில் குறிப்பிட்ட நகர்த்தல் எண்ணிக்கைக்கு முன் பேசி டிரா செய்யக்கூடாது என்றும் வைத்திருப்பார்கள். நடுவர் ஆரம்பத்தில் அறிவிப்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விதி சரி, மரியாதை எப்படி? நிலை உண்மையிலேயே சமமாக இருந்தால் ஒருமுறை கேளுங்கள். மறுத்துவிட்டால், நிலை மாறாமல் மறுபடி கேட்காதீர்கள். தோற்கிற நிலையில் இருந்துகொண்டு ஐந்து நகர்த்தலுக்கு ஒருமுறை கேட்பது எதிராளியை மதிக்காத செயல். நடுவர் எச்சரிக்கவும் செய்யலாம். என் அனுபவத்தில், கேட்காமல் உட்கார்ந்து நல்ல நகர்த்தல்களை ஆடிக்கொண்டே இருப்பதுதான் பெரிய ரேட்டிங்காரரை டிரா பக்கம் தள்ளுகிறது. கேட்ட நொடியில் நம் பயம் அவருக்குத் தெரிந்துவிடும்.

பெரிய ரேட்டிங்காரரே டிரா கேட்டால் உடனே ஏற்றுக்கொள்வதா?

எங்கள் தொடக்கநிலை 5 மாணவியின் ஆட்டம் இதுதான். 31ஆவது நகர்த்தலில் அந்தப் பெண்மணி டிரா கேட்டார். இவள் இரண்டே நொடியில் கை நீட்டிவிட்டாள். வெளியே ஓடிவந்தாள், அம்மா கட்டிப்பிடித்துக்கொண்டார், மைலோ வாங்கிக்கொடுத்தார். எனக்கும் சந்தோஷம்தான். அப்புறம் ஸ்கோர் ஷீட்டை வாங்கிப் பலகையில் அடுக்கிப் பார்த்தேன். இவளுக்கு ஒரு சிப்பாய் அதிகம், யானை திறந்த நெடுவரிசையில் நிற்கிறது. கடிகாரத்தில் இவளுக்கு 25 நிமிடம், அவருக்கு 3 நிமிடம்.

"யாருக்கும்மா ஆட்டம் நல்லா இருந்துச்சு?"

"எனக்குத்தான் அங்கிள்."

"அப்புறம் ஏம்மா ஒத்துக்கிட்ட?"

"அவங்க பெரிய ரேட்டிங்ல, கேட்டாங்க..."

அந்த 'ல' என்ற இழுப்பில் எல்லாம் இருந்தது. பெரியவர்கள் கேட்டால் தலையாட்டிப் பழகிய பிள்ளை. வீட்டில் அது நல்ல பழக்கம்தான். பலகையில் இல்லை. நான் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, கடிந்துகொள்ள இதில் ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்தோம். டிரா அழைப்பு வந்தால் முதலில் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவேண்டும். உங்கள் கடிகாரம்தான் ஓடுகிறது, அழைப்பு எங்கேயும் ஓடிப்போகாது. தண்ணீர் குடித்துவிட்டு, இவர் ஏன் இப்போது கேட்கிறார் என்று யோசிக்கவேண்டும். நேரம் இல்லையா? நான் பார்க்காத ஏதாவது ஒன்றை அவர் பார்த்துவிட்டாரா? பெரிய ரேட்டிங்காரர் சும்மா அரைப் புள்ளியைத் தூக்கிக் கொடுப்பதில்லை. அவர் கேட்டாலே, பலகை உங்களுக்குச் சாதகமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். பிறகு மேலே ஆடினால் தோற்கும் ஆபத்து எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் ராஜா திறந்து கிடக்கிறது, நேரமும் இல்லை என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள், தவறே இல்லை.

பயந்தால் அரைப் புள்ளியோடு நின்றுவிடும். 2024 பிப்ரவரியில் ஸ்விட்சர்லாந்தின் புர்க்டோர்ஃப் நகரப் போட்டியில், சிங்கப்பூருக்காக ஆடும் 8 வயதுச் சிறுவன் 37 வயதுப் போலந்து கிராண்ட்மாஸ்டர் ஒருவரை வென்றான். அதை எங்கள் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்கிறேன். அதே மூச்சில் இன்னொரு டிராவையும் சொல்வேன். 2004இல் ரெய்க்யாவிக்கில் 13 வயது மேக்னஸ் கார்ல்சன், அப்போதைய உலக முதல் நிலை வீரர் காஸ்பரோவோடு ரேபிட் எனும் வேக ஆட்டத்தில் டிரா செய்தார். ரேட்டிங் இடைவெளி 300க்கும் மேல். அந்த ஆட்டத்தில் தடுமாறித் தப்பித்தவர் காஸ்பரோவ்தான். அடுத்த ஆட்டத்தில் கார்ல்சன் தோற்றார். ஆனால் அந்த டிராவை யாரும் மறக்கவில்லை.

நீங்கள் அந்த 2010காரரோடு எப்படி டிரா பிடித்தீர்கள்?

இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. எனக்குக் கறுப்பு. 23ஆவது நகர்த்தலில் கவனக்குறைவாக ஒரு சிப்பாயை விட்டேன். அவர் சத்தமே இல்லாமல் எடுத்துக்கொண்டார், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. 90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 நொடியும் உள்ள ஆட்டம். எனக்கு 40 நிமிடம் மிச்சம். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். இனி வெல்ல முடியாது, ஆனால் தோற்க வேண்டிய அவசியமும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒரு சிப்பாய் குறைந்தால் சிப்பாய்களை வெட்டிக்கொள்ளவேண்டும், மற்றக் காய்களை அல்ல. வெல்ல விரும்புகிறவருக்குச் சிப்பாய் வேண்டும், ஏனென்றால் அதில் ஒன்றுதான் ராணியாகப் போகிறது. அவருக்கோ காய்களை வெட்டி ஆட்டத்தை எளிமையாக்கத்தான் ஆசை. எனவே ராணியும் குதிரையும் போனபோது யானையை மட்டும் விடவில்லை. யானை முடிவாட்டம்தான் டிராவுக்குத் தாய்மடி. 58ஆவது நகர்த்தலில் பலகையில் மிஞ்சியது இதுதான்: வெள்ளைக்கு டி5இல் ராஜா, ஈ5இல் சிப்பாய், ஹெச்7இல் யானை. எனக்கு ஈ8இல் ராஜா, ஏ6இல் யானை.

செஸ் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். பிலிடோர் நிலை. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு இசையமைப்பாளர், செஸ்ஸிலும் தன் காலத்தின் முதல்வர். அவர் காட்டிவிட்டுப்போன தற்காப்பு இது. செய்யவேண்டியது இரண்டே காரியம். ராஜா, சிப்பாய் ராணியாகும் கட்டத்தில் குந்திக்கொள்ளவேண்டும். யானை, நம் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது வரிசையில் நின்று, எதிராளி ராஜா உள்ளே கால் வைக்காமல் காவல் காக்கவேண்டும். ஏ6, பி6, மறுபடி ஏ6. அவர் ராஜா பக்கத்தில் வந்து யானையை விரட்டினால் அதே வரிசையில் அந்தப் பக்கம் ஜி6க்கு ஓடிவிடலாம். வரிசையை மட்டும் விடக்கூடாது.

கேட்க எளிதாக இருக்கும். அங்கே உட்கார்ந்தால் தெரியும். எனக்கு 4 நிமிடம் மிச்சம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் வரும் 30 நொடியில்தான் உயிர். பக்கத்துப் பலகைகள் காலியாகிவிட்டன. குளிரூட்டியின் காற்று நேராகக் கழுத்தில் அடிக்கிறது. கை தானாகப் போய் யானையைத் தூக்கிச் செக் கொடுக்கத் துடிக்கிறது. செக் கொடுத்தால் ஏதோ செய்கிறோம் என்று ஒரு நிம்மதி வருமே, அதற்காக. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நகர்த்தலை முடிவு செய்த பிறகுதான் கையை எடுப்பது. இந்தச் சின்ன ஏற்பாடு அன்று என்னைக் காப்பாற்றியது.

அவர் பன்னிரண்டு நகர்த்தல் அப்படியும் இப்படியும் ஆடிப் பார்த்தார். என் கை எங்கே தவறும் என்று காத்திருந்தார், அதில் தப்பே இல்லை, நானும் அப்படித்தான் செய்திருப்பேன். 71இல் சிப்பாயை ஈ6க்குத் தள்ளினார். இதற்காகத்தான் நான் காத்திருந்தேன். சிப்பாய் அந்தக் கட்டத்துக்கு வந்த நொடியில் வரிசைக் காவல் முடிந்தது, யானை பின்னால் ஓடவேண்டும். உடனே யானையை ஏ1க்கு இறக்கினேன். இனி அவர் ராஜா டி6க்கு வந்தால் டி1இலிருந்து செக், ஈ5க்குப் போனால் ஈ1இலிருந்து செக், எஃப்6 என்றால் எஃப்1இலிருந்து செக். முன்பு அவர் ராஜாவுக்கு ஈ6 கட்டம் ஒதுங்கும் இடமாக இருந்தது. இப்போது அதில் அவருடைய சிப்பாயே நிற்கிறது. ஒளிய இடமில்லை. ஐந்து நகர்த்தல் கழித்து அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நகர்த்தினார், டிரா கேட்டார். நான் தண்ணீர் குடிக்கவில்லை. நேராகக் கை கொடுத்தேன்.

நான் அன்று மேதாவித்தனமாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்த நிலையை அதற்கு முன் வீட்டில் மகளோடு இருபது தடவையாவது ஆடியிருந்தேன், அவள் வெள்ளை, நான் கறுப்பு, பிறகு மாற்றி. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை இருக்கிறது, அங்கேதான். வாரத்துக்குப் பத்து நிமிடம். 423 புள்ளி இடைவெளியை அந்தப் பத்து நிமிடம் அடைத்தது.

இப்படி மனப்பாடமாகத் தெரிந்திருக்கவேண்டிய வேறு நிலைகள் உண்டா?

மூன்று சொல்கிறேன். ஒரே சிப்பாய் எதிரே இருக்கும்போது ராஜாவுக்கு ராஜா நேர் எதிரே நிற்கும் கணக்கு, அது முதலாவது. அடுத்து, எதிராளியிடம் மந்திரியும் ஓரச் சிப்பாயும் இருந்து, அந்த மந்திரி ராணியாகும் மூலைக் கட்டத்தின் நிறத்தில் இல்லாவிட்டால், நம் ராஜா மூலைக்குப் போய்விட்டாலே டிரா. ஹெச் சிப்பாய் என்றால் ஹெச்8 கறுப்புக் கட்டம், வெள்ளைக்கட்ட மந்திரியை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு மந்திரி முழுசாகக் குறைந்தும் டிரா. பிள்ளைகளுக்கு இதைக் காட்டும்போது அவர்கள் கண் விரிவதைப் பார்க்கவேண்டும். மூன்றாவது, இருவரிடமும் மாறு நிற மந்திரிகள் மட்டும் இருந்தால் ஒரு சிப்பாய், சில சமயம் இரண்டு சிப்பாய் குறைந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

ஆரம்பத்திலிருந்தே எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டால் டிரா வந்துவிடாதா?

வராது. பெரும்பாலும் தோல்வியில் முடியும். பெரிய ரேட்டிங்காரர் நம்மைவிட எதில் அதிகம் கெட்டி என்றால் முடிவாட்டத்தில்தான். 15ஆவது நகர்த்தலிலேயே ராணியை வெட்டிக்கொடுத்தால் அவருடைய வீட்டுக்கு நாமே நடந்துபோகிறோம். டிராவுக்கென்றே ஆடுகிறவர் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு அடி பின்வாங்குவார், பத்து வெட்டில் பத்து அடி. எப்போதும்போல நல்ல ஆட்டம் ஆடுங்கள், டிரா வந்தால் வரட்டும்.

பெரிய ரேட்டிங்காரருக்கு டிரா அவமானமா? என் மகன் அழுதுகொண்டு வந்தான், என்ன சொல்வது?

2024 நவம்பர் 25 முதல் டிசம்பர் 12 வரை நம் சிங்கப்பூரின் செந்தோசாவில் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. சென்னைப் பையன் குகேஷ், 18 வயது, 2783. எதிரே நடப்புச் சாம்பியன் டிங் லிரென், 2728. 14 ஆட்டங்களில் 9 டிரா. குகேஷ் 7.5க்கு 6.5 என்று வென்று உலகச் சாம்பியன் ஆனார். இப்போது நான் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 55 புள்ளி வித்தியாசத்துக்கு ஓர் ஆட்டத்தில் எதிர்பார்ப்பு 0.58, 14 ஆட்டத்துக்கு 8.1. எடுத்ததோ 7.5. உலகப் பட்டத்தை வென்ற அந்தப் பிள்ளைக்கு ரேட்டிங் இறங்கியது! அடுத்த பட்டியலில் 2777. அந்தப் பட்டத்தைவிட அந்த ஆறு புள்ளி பெரிதா?

6ஆவது ஆட்டத்தையும் சொல்லவேண்டும். ஒரே நிலை திரும்பத் திரும்ப வந்து டிரா ஆகக்கூடிய வழி இருந்தது. குகேஷ் அதை எடுக்காமல் மேலே ஆடினார். கடைசியில் டிராதான் ஆனது. 14ஆவது ஆட்டத்தில் டிரா பக்கம் போய்க்கொண்டிருந்த முடிவாட்டத்தில் 55ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார், உலகப் பட்டம் கைமாறியது. ஒரு டிராவைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருப்பது உலகச் சாம்பியனுக்கே எவ்வளவு கடினம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நம் பிள்ளையோடு டிரா செய்த அந்தப் பொடியன் அதைச் செய்திருக்கிறான். அவனுக்கு ஒரு சபாஷ் சொல்லக் கற்றுக்கொடுங்கள்.

அழுதால் அழட்டும். அன்று அந்த அப்பா என்னைப் பார்த்து, "என்ன சார், அந்தச் சின்னப் பையனோட போயி..." என்று ஆரம்பித்தார், பிள்ளை பக்கத்தில் நிற்கிறான். அந்த வாக்கியத்தை மட்டும் யாரும் சொல்லாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அடுத்த முறை சின்ன ரேட்டிங்காரரைப் பார்த்தால் அவன் செஸ் ஆடமாட்டான், அந்த வாக்கியத்தோடுதான் ஆடுவான். சமமான நிலையில் பொறுமை இழந்து காயைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தோற்றுவருவான். சாப்பிட என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றி மறுநாள் பேசலாம்.

நேரம் முடிந்துவிட்டால் தோல்விதானே?

எப்போதும் இல்லை. உங்கள் நேரம் தீர்ந்தாலும், எதிராளியிடம் எந்த வழியிலும் செக்மேட் செய்ய முடியாத காய்கள் மட்டும் இருந்தால், உதாரணமாகத் தனி ராஜா, அது டிரா.

இரண்டு பிள்ளைகளும் நண்பர்கள். முன்பே பேசிவைத்து டிரா செய்தால் என்ன?

கூடாது. கண்டுபிடித்தால் நடுவர் தண்டிக்கலாம் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். அந்த அரைப் புள்ளியால் வேறு ஏதோ ஒரு பிள்ளையின் இடம் பறிபோகிறது. இருவரையும் ஆடச் சொல்லுங்கள், அப்புறம் சேர்ந்தே சாப்பிடட்டும்.

டிரா முடிந்ததும் என்ன செய்யவேண்டும்?

கை குலுக்குங்கள், கடிகாரத்தை நிறுத்துங்கள். இரண்டு ஸ்கோர் ஷீட்டிலும் முடிவை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பிறகு, எதிராளிக்கு நேரம் இருந்தால், ஆட்டத்தைச் சேர்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரிய ரேட்டிங்காரரிடம் இப்படிக் கேட்கப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். கேட்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

நான் கேட்டேன். அந்தப் பெரியவர் மண்டபத்துக்கு எதிரே இருந்த கோப்பிக்கடைக்கு என்னை அழைத்துப்போனார். சின்னக் காந்தப் பலகை ஒன்று எப்போதும் பையில் வைத்திருப்பாராம். தே தாரிக் ஆறும்வரை தொடவில்லை. 41ஆவது நகர்த்தலுக்கு ஆட்டத்தைப் பின்னால் கொண்டுபோனார். அங்கே அவர் ராஜா பக்கத்தில் ஒரு ஜோடிச் சிப்பாய்களை வெட்டிக்கொண்டார், அதை வெட்டாமல் விட்டிருந்தால் நான் தோற்றிருப்பேன் என்று வரிசையாக ஆடிக் காட்டினார். உண்மைதான். நான் அங்கே டிரா என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன். பிறகு பலகையைத் திருப்பி வைத்து, இப்போது நீங்கள் வெள்ளை, வென்று காட்டுங்கள் என்றார். மூன்றாவது தடவையில்தான் எனக்கு வந்தது.